வெட்டுவது இருக்கட்டும், வெட்டியதைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குண்டர் கும்பல் படங்களை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று ஒரு சாராரும், தணிக்கை என்ற பேச்சே கூடாது என்று இன்னொரு சாராரும் கொஞ்ச நாளாக மல்லுக்கு நிற்கிறார்கள். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய் நாலு டிக்கெட் வாங்குகிற தோட்டப்புறக் குடும்பம் தடையைப் பார்ப்பது எப்போதாவதுதான். அது பார்ப்பதெல்லாம் வெட்டு. படம் திடீரென்று ஒரு குதி குதிக்கிறது. ஒரு வசனம் வரும் இடத்தில் அரங்கமே செவிடாகிறது. அது படத்தொகுப்பாளர் செய்ததா, சென்னையில் செய்ததா, கோலாலம்பூரில் செய்ததா, இல்லை அரங்கின் ஸ்பீக்கர் கோளாறா என்று காசு கொடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட வேண்டாம். டிக்கெட் முகப்பிடத்தில் ஒரு ஏ4 தாள் ஒட்டினால் போதும்.

முதலில் சட்டம். மலேசியாவில் நடப்பில் இருப்பது 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம், சட்டம் 620. 1952இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. எல்பிஎஃப் என்று நாம் சொல்லும் தணிக்கை வாரியம் உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. பொதுப் பாதுகாப்பும் ஒழுங்கும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கமும் நாகரிகமும் என்ற நான்கு தலைப்புகளை வைத்து அது படத்தைப் பார்க்கிறது. அப்படியே அனுமதி, மாற்றங்களோடு அனுமதி, அனுமதி இல்லை என்ற மூன்றில் ஒன்றுதான் முடிவு. அனுமதி கிடைத்தால் யு (எல்லாருக்கும்), பி12 (12 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் துணையோடு), 13, 16, 18 என்று வயது வகை. முடிவை ஏற்காதவர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே அமைச்சர் இருக்கிறார். பொது நலன் என்று கருதினால் எந்தப் படத்தையும் அரசிதழ் ஆணை போட்டு நிறுத்த 26ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது.

இந்தக் கடைசி அதிகாரம்தான் ஊரைக் கூட்டுவது. 2006இல் அமீர் முகமட் எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராகீர்' என்ற ஆவணப்படத்தை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. மலாய் நாளேடு ஒன்றில் எதிர்ப்பு எழுந்ததும் அமைச்சு அதை நிறுத்தியது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைப் பற்றிய படம் அது. 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியதே எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான் என்பதால், அந்தப் படத்தை முதலில் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். 2023இல் 'மெந்தெகா தெர்பாங்' என்ற மலேசியப் படம் அரசிதழ் ஆணையால் தடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் மீது மறு ஆண்டு ஜனவரியில் சமய உணர்வைப் புண்படுத்துவது பற்றிய குற்றவியல் சட்டத்தின் 298ஆம் பிரிவின் கீழ் வழக்கும் வந்தது.

எதிர்ப்பு வரும், கலவரம் வரும் என்பதற்காகப் படத்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே பதில் கிடைத்திருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சுரிமையை முடக்கக்கூடாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். அது இங்கே செல்லுபடியாகும் சட்டம் இல்லைதான். வாதம் இங்கேயும் பொருந்தும்.

தடையை இத்தோடு விட்டு வெட்டுக்கு வருகிறேன்.

தமிழ்ப் படம் பெரும்பாலும் ஒரு கத்தரியைப் பார்த்துவிட்டுத்தான் நம் நாட்டுக்குள் வருகிறது. தொடக்கத்தில் சில வினாடி காட்டப்படும் இந்தியச் சான்றிதழை உற்றுப் பாருங்கள். அதன் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருந்தால் அங்கே அந்தப் படத்தில் வெட்டோ மாற்றமோ நடந்திருக்கிறது என்று பொருள். நெடுங்கால வழக்கம் அது. என்னென்ன வெட்டு என்ற விவரம் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் பதிவாகும். படத்தின் நீளமும் நிமிடம், வினாடிக் கணக்கில் அதே சான்றிதழில் இருக்கும். இங்கே விழும் இரண்டாவது வெட்டுக்கு இப்படி ஒரு முக்கோணம்கூடக் கிடையாது. ஆக, அடுத்த நாட்டில் வெட்டியது திரையில் தெரிகிறது. நம் வீட்டில் வெட்டியது தெரியவில்லை.

வெட்டு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நான்கு வேலைகள் உண்டு: காட்சியை எடுப்பது, ஒலியை நீக்குவது, படத்தை மங்கலாக்குவது, இல்லாததைச் சேர்ப்பது. கடைசி வகைக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் 2016இன் 'கபாலி'. மற்ற நாடுகளில் கேள்விக்குறியோடு முடிந்த படம், இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்ற எழுத்தோடு முடிந்தது. பா. ரஞ்சித் விட்டுவைத்த சந்தேகத்தை ஒரு வரி தீர்த்துவைத்தது. பாதி அரங்கம் அதை இயக்குநரின் முடிவு என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது.

ஃபிலிம் காலத்தில் வெட்டு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், வினாடிக்கு 24 பிரேம் ஓடும். புரொஜக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் படம் காட்டும் இடத்துக்குக் கீழே இருப்பதால், ஒரு பிரேமுக்கு உரிய ஒலி சுமார் 20 பிரேம் முன்னதாகவே சுருளில் பதிந்திருக்கும். வேண்டாத வசனம் பேசும் காட்சியை வெட்டி ஒட்டினால், அந்த வசனத்தின் முதல் முக்கால் வினாடி வெட்டுக்கு முந்திய துண்டிலேயே தங்கிவிடும். படம் தாவிய பிறகு வேறு யாரோ ஒருவர் முகத்தின் மேல் அது ஒலிக்கும். எதை மறைக்க நினைத்தார்களோ அதன் தலை மட்டும் எட்டிப் பார்க்கும், அதற்கு ஈடாக நல்ல வசனம் முக்கால் வினாடி காணாமல் போகும். ரசிகர்கள் விசிலடித்துக் கண்டுபிடித்தார்கள்.

இன்று அரங்குக்கு வருவது டிசிபி என்ற டிஜிட்டல் பிரதி. பிரேம் பிசகாமல் வெட்டலாம். பிறகு ஏன் இன்னும் கரடுமுரடாக இருக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு.

எதை நீக்க வேண்டும் என்று வாரியம் சொல்லும், எப்படி நீக்குவது என்பது விநியோகஸ்தர் தலையில். ஒரு வசைச்சொல் அரை வினாடிதான், 12 பிரேம். அரங்க ஒலியில் குறைந்தது ஆறு தடங்கள் இருக்கின்றன: இடது, வலது, நடு, பின்பக்கம் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில். தயாரிப்பாளரிடமிருந்து வசனத் தடத்தைத் தனியாக வாங்கி, அந்த 12 பிரேமை மட்டும் எடுத்து, இரு முனையிலும் ஒலியைக் கொஞ்சம் இழைத்து, காலியான இடத்தில் அந்த அறையின் சன்னமான இரைச்சலை நிரப்பினால் காது அதைப் பெரிதாகக் கவனிக்காது. நடுத்தடத்தை மட்டும் அடைத்தாலும் பாதகமில்லை, பின்னணி இசை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவசரத்தில் ஆறு தடத்தையும் சேர்த்து மூன்று, நான்கு வினாடிக்கு அமுக்கிவிடுகிறார்கள். மழை நிற்கிறது, பறை நிற்கிறது, கூட்டம் வாயடைத்துப் போகிறது. மறைக்க நினைத்த சொல் எந்த இடத்தில் இருந்தது என்று பின்வரிசைக் குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. நடிகரின் உதட்டைப் பார்த்து அது என்ன சொல் என்றும் கண்டுபிடித்துவிடுகிறது.

காட்சியை வெட்டும்போது இடறுவது திரையின் அடியில் ஓடும் வசன வரிகள். டிசிபியில் படம் பதினைந்து இருபது நிமிட ரீல்களாகப் பிரிந்திருக்கும். மலாய், ஆங்கில வரிகள் தனிக் கோப்பாக இருந்தால் அவை ரீலின் நேரத்தைப் பிடித்துத்தான் ஓடும். ரீலின் நடுவில் ஐந்து வினாடி எடுத்துவிட்டு வரிகளின் நேரத்தை நகர்த்த மறந்தால், அந்த ரீல் முடியும்வரை ஒவ்வொரு வரியும் ஐந்து வினாடி பிந்தியே வரும். அடுத்த ரீல் தொடங்கியதும் மாயம்போல் சரியாகிவிடும். தமிழர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மலாய் நண்பர் கதை புரியாமல் திண்டாடுவார். படத்தோடு பொறித்த வரிகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் வேறொன்று: காதுக்கு நீக்கிய சொல் கண்ணுக்கு எழுத்தாக நிற்கும்.

மூன்றாவது, சாவி. டிசிபி பூட்டி வரும். அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட பிரதிக்கு, குறிப்பிட்ட அரங்கின் சர்வருக்கு, குறிப்பிட்ட தேதி நேரத்துக்கு மட்டுமே செல்லும். வெட்டியதும் அது கணக்குக்குப் புதுப் பிரதி. பழைய சாவி திறக்காது. ஒவ்வொரு அரங்குக்கும் மறுபடி சாவி அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியீடு என்று விளம்பரம் செய்துவிட்டு, இறுதி ஒலிக்கலவையே கடைசி வாரத்தில் முடிந்தால், வாரியம் பார்த்து, மாற்றம் சொல்லி, மாற்றி, புதுச் சாவி போய்ச் சேர எங்கே நேரம்? காலை ஏழு மணிக் காட்சி ரத்தாவதற்கு ரசிகர்கள் வாரியத்தைத் திட்டுகிறார்கள். பாதிப் பழி தாமதமாகப் பிரதி அனுப்பியவருக்கும் சேர வேண்டியது.

மேல்முறையீடு ஏன் நம் படங்களுக்கு அதிகம் உதவுவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. 2017இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் நான்கு நிமிடத்துக்கும் மேல் வெட்டச் சொன்னபோது டிஸ்னி மறுத்துவிட்டது. வெளியீட்டைத் தள்ளிப் போட்டு, மேல்முறையீட்டில் வெட்டே இல்லாமல் வாங்கியது. இரண்டு வாரம் காத்திருக்க அதற்குத் தெம்பு இருந்தது. தமிழ்ப் படத்தின் வசூல் முதல் வார இறுதியில் அடங்கிவிடுகிறது, திருட்டுப் பிரதி அடுத்த நாளே பாசார் மாலாம் இரவுச் சந்தை வரை வந்துவிடுகிறது. நம் விநியோகஸ்தர் வாதாட மாட்டார், தலையாட்டிவிட்டு வெட்டிவிடுவார். மேல்முறையீடு எல்லாருக்கும் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 2018இல் அனுமதி மறுக்கப்பட்ட இந்திப் படம் 'பத்மாவத்' மேல்முறையீட்டிலும் தோற்றது.

குண்டர் கும்பல் படங்கள் பற்றி எழுதும் பெற்றோர் தயவுசெய்து இதையும் யோசிக்கவும். நம் பழிவாங்கும் கதைகளின் கட்டுமானம் உங்களுக்குத் தெரியும். முன்பாதியில் வில்லன் அநியாயம் செய்வான், பின்பாதியில் நாயகன் திருப்பிக் கொடுப்பான். கொடூரம் என்று முன்பாதிக் காட்சியைக் குறைத்துவிட்டுப் பின்பாதியை அடிதடிதானே என்று விட்டால் என்ன மிஞ்சும்? காரணம் போய்விடும், பாராங் கத்தி மட்டும் இருக்கும். அடி விழுந்தவனின் முகம், அவன் தாய் கதறுவது, ரத்தம் தோய்ந்த சட்டையோடு மகன் வாசலில் நிற்பது ஆகியவை வன்முறையின் விலையைக் காட்டும் இடங்கள். முதலில் கத்தரி விழுவது அங்கேதான், ஏனென்றால் ரத்தம் அங்கேதான் தெரிகிறது. மெதுவாக நடந்து வரும் நாயகனின் கண்ணாடியையும் பின்னணி இசையையும் யாரும் தொடுவதில்லை. பதினைந்து வயதுப் பையன் பார்த்துப் பழகுவது அதைத்தான். இன்னொரு பக்கம், தோட்டம் துண்டாடப்பட்டபின் வெளியேறிய குடும்பத்துப் பையன் எப்படிக் கும்பலில் விழுகிறான் என்பதை நேராகச் சொன்ன 'ஜகாட்', 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. கும்பல் பற்றிய படம் எல்லாம் ஒன்றல்ல.

வயது வகையைக் காப்பது வெட்டுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. 18 என்று போட்டுவிட்டு, தானியங்கி இயந்திரத்திலும் கைப்பேசியிலும் டிக்கெட் விற்றால் வயதை யார் பார்ப்பது? மைகார்ட் அடையாள அட்டை 12 வயதில் கிடைத்துவிடுகிறது, ஆகவே 13, 16, 18 எதையும் நுழைவாயிலில் ஒரு பார்வையில் சரிபார்க்கலாம். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மைகிட் உண்டு, ஆனால் அதில் படம் கிடையாது. தீபாவளி அன்று ஆச்சி முதல் கைக்குழந்தை வரை வேன் பிடித்து வந்து நிற்கும் குடும்பத்தைத் திருப்பி அனுப்ப எந்த ஊழியருக்கும் மனம் வராது. அப்படி நடக்காமலிருக்க வகை எது, ஏன் என்பது டிக்கெட் வாங்கும் முன்பே பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். பல விளம்பரத் தாள்களில் அது தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே எறும்பு அளவில் கிடக்கிறது.

இணையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இச்சட்டத்தில் எதுவும் இணையத்தைத் தணிக்கை செய்ய அனுமதிப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்கிறது. அரங்கில் வெட்டப்பட்ட படம் நான்கு வாரமோ எட்டு வாரமோ கழித்து ஓடிடியில் வரும்போது பெரும்பாலும் முழுசாகவே வருகிறது. எந்தக் காட்சி எந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், வீட்டில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் தாய்க்கு அது உதவும்.

கோயில் மண்டபத்திலும் தாமான் டேவான் என்ற குடியிருப்பு மண்டபத்திலும் படம் போடுகிறவர்களுக்கும் சில விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மவர்கள். தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். டிக்கெட் விற்றீர்களா, இலவசமா என்பது கணக்கில்லை. அபராதம் குறைந்தது 5,000, அதிகம் 30,000 வெள்ளி, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இலங்கைப் போரின் இறுதி நாள்களைக் காட்டிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, ஏற்பாட்டாளர் ஒருவருக்கு 2017இல் 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது இதே பிரிவில்தான்.

ஆகவே திருவிழாக் குழுவினர் விநியோகஸ்தரிடம் பொதுத் திரையிடலுக்கான எழுத்து அனுமதியும், வாரியத்தின் அனுமதிச் சான்று நகலும் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிய டிவிடியோ சந்தா கட்டிய ஓடிடி கணக்கோ வீட்டுக்கு மட்டும்தான். வாரியம் அனுமதித்தது குறிப்பிட்ட பிரதியை. அதே படத்தின் வெளிநாட்டுப் பிரதி யாரோ கொடுத்த பென்டிரைவில் வந்தால் அது அனுமதி பெற்றது ஆகாது, நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மாநில கேளிக்கைச் சட்டப்படி நகராண்மைக் கழகத்தின் உரிமம் தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் வட்டாரத்துக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். அந்தத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு புரொஜக்டர் பக்கத்திலேயே வையுங்கள். அதிகாரி வந்து கேட்கும்போது செயலாளர் வீட்டில் இருக்கிறது என்று சொல்வது வேலைக்காகாது.

அந்த ஏ4 தாளில் என்ன இருக்க வேண்டும்? மேலே படத்தின் பெயர், சான்று எண், வயது வகை, சமர்ப்பித்த நீளம், அனுமதித்த நீளம். கீழே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: எந்த மணி நிமிட வினாடியில், எத்தனை வினாடி, நான்கு வகை வேலையில் எது, நான்கு தலைப்பில் எதன் கீழ். '1:12:40, ஒலிநீக்கம், 1 வினாடி, ஒழுக்கம்' என்ற அளவு போதும். எந்தச் சொல், எந்தக் காட்சி என்று எழுத வேண்டாம், கதையும் கெடாது, ஆபாசத்துக்கு விளம்பரமும் ஆகாது. விநியோகஸ்தர் தானாகக் குறைத்தது, பாட்டு நீளம் என்று அரங்கு குறைத்தது இருந்தால் அதற்கும் தனி வரி. வாரியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்றவர்கள் கத்தரி போடுவது அதோடு நிற்கும், ஆகவே இது வாரியத்துக்கும் நல்லது. வாரியம் செய்த மாற்றங்களின் விவரம் அது விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் முடிவுத் தாளில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பிரிட்டனின் வகைப்படுத்தும் அமைப்பு எந்தப் படத்தில் வெட்டு நடந்தது, ஏன் என்று தன் இணையப் பக்கத்திலேயே போடுகிறது. அங்கே படம் பார்க்கும் கூட்டம் அதனால் குறைந்துவிடவில்லை.

கூட்டம் குறையும் என்று இங்குள்ள விநியோகஸ்தர்கள் தயங்குவார்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு டிக்கெட் குறையலாம். அதற்குப் பிறகு, ஏழு வினாடிதான் போயிருக்கிறது என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், பாதிப் படத்தையே வெட்டிவிட்டார்கள் என்று டிக்டாக்கில் கிளம்பும் வதந்தியை நம்பமாட்டார்.

உள்துறை அமைச்சு இதைச் சுற்றறிக்கையாக அனுப்பும் வரை அரங்க உரிமையாளர்கள் தாங்களாகவே தொடங்கலாம். முடிவுத் தாளின் நகலை விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்கினால் ஆயிற்று. வாசகர்கள் செய்யக்கூடியது, இந்தியச் சான்றிதழில் தெரியும் நிமிடம், வினாடியைக் குறித்துக்கொள்வது, விளம்பரம் முடிந்து படம் தொடங்கிய நேரத்தையும் கடைசி எழுத்து ஓடி முடிந்த நேரத்தையும் பார்ப்பது. இங்கே பெரும்பாலும் இடைவேளை விடுவதில்லை, அதனால் கணக்கு எளிது. சான்றிதழில் உள்ள நீளத்துக்கும் படம் ஓடிய நேரத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அரங்கின் பெயர், காட்சி நேரம், ஒலி அற்றுப்போன இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு விநியோகஸ்தருக்கு எழுதிக் கேளுங்கள். நகலை வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திரையிடல் பணியில் உள்ள வாசகர்,
சுங்கை சிப்புட், பேரா